வீட்டுக்குள் குடை பிடித்த வாரம்

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் இருவருக்கும்,

நான் ஓய்வு பெற்றவன் இல்லை. எனக்கு இருபத்தெட்டு வயதுதான். ஆறு வருஷம் இந்த மேசையில் உட்கார்ந்துவிட்டு வேறு ஊருக்கு மாற்றலாகிப் போகிறேன். ஒப்படைப்புப் பட்டியலில் அலமாரிச் சாவி, நூறடி டேப், ரசமட்டம், ஏணி ஒன்று (இரண்டாவது படி ஆடும்) என்று எழுதிக்கொண்டே வந்தேன். பட்டியலில் சேர்க்க முடியாத சிலதும் இருக்கிறது, அதைத் தனியாக எழுதி வைக்கலாம் என்று தோன்றியது. கிழவன் மாதிரிப் பேசுகிறான் என்று சிரித்தால் சிரித்துக்கொள்ளுங்கள். ஓட்டுக்கூரைக்கு அடியில் குனிந்து குனிந்து நடக்கும் வேலை இது. ஒரு வருஷத்தில் உங்களுக்கும் முதுகு வளைந்துவிடும்.

நம் பிரிவின் வேலை புது வீடு கட்டுவது இல்லை. நெசவாளர்கள் குடியிருக்கிற வீட்டிலேயே விறகும் மண்ணெண்ணெயும் கரண்டும் குறைய என்ன செய்யலாமோ அதைச் செய்வது. புகையில்லா அடுப்பு, கூரையில் கண்ணாடி ஓடு, சுவரில் காற்றுத் துவாரம், மாடித் தளத்துக்குச் சுண்ணாம்புப் பூச்சு. எத்தனை அங்குலம், எத்தனை பங்கு சுண்ணாம்பு என்பதெல்லாம் கையேட்டில் இருக்கிறது. அதை நீங்கள் என்னைவிட நன்றாகவே படிப்பீர்கள்.

முதலில் அடுப்பைப் பற்றிக் கொஞ்சம். நான் முதன்முதலில் போட்டுக்கொடுத்த புகையில்லா அடுப்பை ஒரு வாரம் கழித்துப் போய்ப் பார்த்தேன். வாசலில் நின்று, அடுப்பு எப்படி இருக்கிறது என்று கேட்டேன். ரொம்ப நல்லா இருக்குது என்றார்கள். அந்தப் பதிலை அப்படியே அறிக்கையில் எழுதினேன். மேலதிகாரி பாராட்டினார். அடுத்த மாதம் தண்ணீர் கேட்டு உள்ளே போனபோதுதான் பார்த்தேன். அடுப்பு நன்றாகத்தான் இருந்தது. மெழுகி, கோலம் போட்டு, மூன்று பக்கமும் மஞ்சள் குங்குமம் வைத்திருந்தார்கள். சமையல் பக்கத்திலேயே பழைய அடுப்பில் நடந்துகொண்டிருந்தது. ஏன் என்று கேட்டதற்கு, "இவ்ளோ அழகா பண்ணிக் கொடுத்துட்டுப் போயிருக்கியேப்பா, கரி புடிச்சிட்டா மனசு கேக்குமா?" என்றார் அந்த வீட்டு அம்மா. அன்று முதல் நான் யாரிடமும் அடுப்பு எப்படி இருக்கிறது என்று கேட்பதில்லை. உள்ளே போய்ச் சாம்பலைப் பார்க்கிறேன்.

அது சின்னத் தப்பு. பெரிய தப்பு, மண்ணெண்ணெய்க்கு ஊரே டின்னைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நின்ற வருஷம் நடந்தது.

அதற்கு முன் என்னைப் பற்றி ஒரு வார்த்தை. வாலாஜாபாத்துக்குப் பக்கத்துக் கிராமம். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். ஓவர்சியர் படிப்பும் முடித்தேன். இங்கே தற்காலிக வேலைதான் கிடைத்தது. எங்கப்பாவோ ஊரில் என்னை எஞ்சினியர் என்றே அறிமுகம் செய்துவைத்துவிட்டார். எனக்குத் தெரிந்த ஒரே சொத்து படிப்பு. ஆகவே புத்தகத்தில் இருப்பதை யாராவது மறுத்துப் பேசினால், எங்கள் நிலத்தில் யாரோ வரப்பை வெட்டுவது போல இருக்கும் எனக்கு. இப்படிப்பட்டவனிடம் கையேட்டையும் ஏணியையும் கொடுத்தால் என்ன ஆகும் என்பதுதான் மீதிக் கதை.

பிள்ளையார்பாளையத்தில் ஏகாம்பரம் என்று ஒரு நெசவாளர். அவர் மனைவி மரகதம் அக்காவும் அவரும் ஒரே தறியில் வேலை செய்பவர்கள். தறி இருந்த கூடத்தில் பகல் பதினோரு மணிக்கும் சிம்னி விளக்கு எரியும். மண்ணெண்ணெய் கிடைக்காத நாளில் இது பெரிய செலவு, பெரிய தொல்லை. எனக்கோ வாய்ப்பு. அந்த நேரம் பார்த்து, சென்னையிலிருந்து பெரிய எஞ்சினியர் ஒருவர் நம் வேலையைப் பார்வையிட வருகிறார் என்று கடிதம் வந்தது. மாதிரி வீடு ஒன்று தயாராக இருக்க வேண்டும். அது சரியாக அமைந்தால் என் வேலை நிரந்தரம் ஆகும் என்று அலுவலகத்தில் சொன்னார்கள். அன்றே அப்பாவுக்குக் கார்டு போட்டேன். அதைப் பள்ளிக்கூட வாத்தியார் உரக்கப் படிக்க, ஊரே கேட்டுவிட்டது.

ஏகாம்பரம் வீட்டை அளந்தேன். தறிக்கு நேர் மேலே நாலு கண்ணாடி ஓடு, தறியின் இரண்டு பக்கச் சுவரிலும் காற்றுத் துவாரம் என்று படம் போட்டேன். படத்தைப் பார்த்துவிட்டு ஏகாம்பரம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். சேலைக்கான பாவு நூல் தறியில் ஏறியிருக்கிறது, இந்தச் சேலை முடிந்து தறி காலியானதும் வைத்துக்கொள்ளலாமா என்று. முடியாது, பெரியவர் வருகிற தேதி இருக்கிறதே என்றேன். ஒரு நாள் வேலைதானே, துணி போட்டு மூடிக்கொள்ளலாம் என்று சமாதானமும் சொன்னேன். பாவு ஏறியிருக்கும்போது அந்தத் தெருவில் யாரும் கூரையில் கை வைக்க மாட்டார்கள் என்பது எனக்குத் தெரியாது. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள்.

தறியில் இருந்தது மரகதம் அக்காவின் தங்கைக்கு முகூர்த்தச் சேலை. அரக்கு நிறம். வருஷம் முழுக்க அடுத்தவர் வீட்டுக் கல்யாணத்துக்கே நெய்பவர்கள், முதல் தடவையாகத் தங்கள் வீட்டுக்கு நெய்கிறார்கள். மாப்பிள்ளை வீட்டாரும் இதே ஊர் நெசவாளர்கள்தான். சேலையை அவர்கள் கண்ணால் பார்க்க மாட்டார்கள், விரலால் பார்ப்பார்கள். இதையும் நான் பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

கொத்தனார் முனுசாமி என் வயதுக்காரன். ஓட்டைப் பிரித்து, நான் காட்டிய இடத்தில் கண்ணாடியைப் பதித்தான். கூடத்தில் வெளிச்சம் கொட்டியது. நான் விளக்கை நானே ஊதி அணைத்து, ஏதோ அணைக்கட்டைத் திறந்துவைத்தவன் மாதிரி நிமிர்ந்து நின்றேன். பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லாம் வந்து அண்ணாந்து பார்த்தார்கள். ஏகாம்பரம் மட்டும் தறியைப் பார்த்தார்.

மூன்றாம் நாள் போனேன். வைகாசி வெயில். தெருவில் நுழையும்போதே ஒரு சிரிப்புச் சத்தம். ஏகாம்பரம் வீட்டு ஜன்னலில் நாலு தலை. உள்ளே எட்டிப் பார்த்தால், அவர் தறிக்குழியில் கால் விட்டு உட்கார்ந்து நெய்துகொண்டிருக்கிறார். தலைக்கு மேலே உத்திரத்திலிருந்து கயிறு கட்டி ஒரு கறுப்புக் குடை விரிந்து தொங்குகிறது. வெயில் நகர நகர, நெய்வதை நிறுத்திவிட்டு எழுந்து குடையை நகர்த்திக் கட்டுகிறார். திரும்ப வந்து உட்காருகிறார். ஜன்னலில் இருந்த ஒருவர், "இன்னாபா ஏகாம்பரம், வூட்டுக்குள்ள மழையா?" என்று கேட்க, அவர் திரும்பாமலே, "ஆமாம்பா, எஞ்சினியர் பெய்ய வெச்சிட்டுப் போனாரு" என்றார்.

விஷயம் இதுதான். பாவு என்பது இழுத்துக் கட்டிய நூல். அது நாள் முழுக்க கிட்டத்தட்ட ஒரே இடத்தில் நிற்கும். ஓட்டு வழியாக விழுகிற வெயில் தினமும் அதே இடத்தில் விழுந்தால், சாயம் பட்டையாக வெளுக்கும். அதற்குத்தான் குடை. ஆனால் குடையால் காற்றைத் தடுக்க முடியாது. நான் போட்ட துவாரங்கள் வழியாக வைகாசி மாதத்து வறட்டுக் காற்று தறிக்கு நேராக வந்து பட்டு நூலைக் காய வைத்துக்கொண்டிருந்தது. ஈரம் போன பட்டு இழை பட்டென்று அறும். அறுந்த ஒவ்வொன்றையும் தேடி எடுத்து முடிச்சுப் போட வேண்டும். அவர்கள் அத்தனை வருஷமாக ஜன்னலைச் சாத்தி, தரையில் தண்ணீர் தெளித்து, இருட்டில் உட்கார்ந்திருந்தது அறியாமையால் என்று நான் நினைத்திருந்தேன்.

நான் அப்போதே எல்லாவற்றையும் மூடியிருக்க வேண்டும். மூடவில்லை. ஈரச் சாக்கைத் துவாரத்தில் தொங்கவிடுங்கள் என்று ஒரு யோசனை சொல்லிவிட்டு நழுவினேன். பார்வைக்கு இன்னும் நாலு நாள்தான் இருந்தது.

பார்வைக்கு முந்தின நாள் மரகதம் அக்கா அலுவலகத்துக்கே வந்துவிட்டார். நாற்காலியில் உட்காரவில்லை. முந்தானை முடிச்சை அவிழ்த்து மேசைமேல் ஒரு சின்ன நூல் உருண்டையை வைத்தார். அரக்கு நிறத் துண்டு இழைகள். காலையிலிருந்து அறுந்தது மட்டும் இவ்வளவு என்றார். நான் குரலைத் தாழ்த்தி, ஒரே ஒரு நாள் பொறுத்துக்கொள்ளக் கூடாதா, பெரியவர் பார்த்துவிட்டுப் போனதும் மூடிவிடுகிறேன் என்று கெஞ்சினேன்.

"பெரியவரு அஞ்சு நிமிசம் பாப்பாரு, போயிடுவாரு. எந்தங்கச்சி அதைக் கட்டிக்கினு மணவறையில ஒக்காரணும் தம்பி. நெய்யறவன் வூட்டுப் பொண்ணு சேலையில கை வெச்ச எடமெல்லாம் முடிச்சா இருந்தா, அந்த வூட்ல அவளை இன்னான்னு சொல்லுவாங்க?"

அவர் கோபப்பட்டிருந்தால் நானும் பதிலுக்குக் கையேட்டை எடுத்திருப்பேன். அவர் கோபப்படவில்லை. நூல் உருண்டையை என் மேசையிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டார். அவர் போகும்வரை அலுவலகத்தில் இருந்த அத்தனை பேரும் தலை நிமிராமல் மும்முரமாக எழுதிக்கொண்டிருந்தார்கள்.

முனுசாமியிடம் சொன்னேன். அவன் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு ஒரு வழி சொன்னான். துவாரத்தில் நெருக்கமாக வைக்கோல் அடைத்துவிடுவது. கண்ணாடி ஓடுகளின் மேல் இரண்டு சாக்குப் போட்டு, ஒவ்வொன்றுக்கும் கயிறு கட்டிவிடுவது. அவன் கூரை மேல் உட்கார்ந்திருப்பான். தெருமுனையில் ஜீப் சத்தம் கேட்டதும் கயிற்றை இழுத்தால் வெளிச்சம் வரும். அவர் போனதும் திரும்ப மூடிவிடலாம். சேலைக்கும் ஆபத்தில்லை, எனக்கும் வேலை போகாது. எனக்கு அவன் காலில் விழலாம் போல இருந்தது. இப்படி ஒரு யோசனை கேட்டவுடனே மனசு லேசாகிறதென்றால், அந்த யோசனையை இன்னொரு தடவை யோசித்துப் பாருங்கள் என்று உங்களுக்குச் சொல்வேன். எனக்கு அன்று சொல்ல ஆள் இல்லை.

மறுநாள் பெரியவர் பதினோரு மணிக்கு வருவதாக ஏற்பாடு. வெயிலுக்கு முன் முடித்துவிடலாம் என்று எட்டரைக்கே வந்துவிட்டார். அதுகூடப் பரவாயில்லை. காலை நேரத்தில் அந்தத் தெருவில் பாவு நீட்டுவார்கள் என்பது நினைவில் இருக்கட்டும். தெரு நீளத்துக்கும் நூலை இழுத்துக் கட்டி ஆட்கள் நின்று சரிபார்த்துக்கொண்டிருப்பார்கள். மாடுகூட அந்தப் பக்கம் வராது. ஜீப்பைத் தெருமுனைக்கு முன்பே நிறுத்தச் சொல்லிவிட்டு, அவர் செருப்பைக் கையில் தூக்காத குறையாக ஓரமாக நடந்து வந்திருக்கிறார். சத்தமே இல்லை. கூரை மேல் இருந்த முனுசாமி கிழக்கே பார்த்து ஜீப்புக்குக் காதைத் தீட்டிக்கொண்டிருந்தான்.

நான் வாசலுக்கு ஓடுவதற்குள் அவர் கூடத்துக்குள் நுழைந்துவிட்டார். உள்ளே சிம்னி விளக்கு. ஏகாம்பரம் நெய்துகொண்டிருந்தார். பெரியவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, இதுதான் பகல் வெளிச்சத்துக்கு மாதிரி வீடா என்று கேட்டார். குரல் மரியாதையாகத்தான் இருந்தது. பேச்சுச் சத்தம் கேட்டு விஷயம் புரிந்த முனுசாமி, மேலே கயிற்றை இழுத்தான்.

ஒரு சாக்கு மட்டும் நகர்ந்தது. தூண் மாதிரி வெயில் இறங்கி நேரே பாவின் மேல் விழுந்தது. ஏகாம்பரம் குறுக்கு நூல் ஓட்டும் நாடாவைக் கீழே வைத்தார். பக்கத்தில் மடித்து வைத்திருந்த குடையை எடுத்து விரித்து, வெயிலுக்கு நேராகப் பிடித்தார். யாரையும் பார்க்கவில்லை. அந்த நேரத்தில் ஓட்டு இடுக்கிலிருந்து முனுசாமியின் குரல் இறங்கி வந்தது.

"ஓவர்சியரே, இது போதுமா, இன்னொண்ணும் எடுக்கட்டுமா?"

பெரியவர் மேலே பார்த்தார். குடையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

அந்த ஒரு கணத்தில் எனக்கு மூன்று பொய் தோன்றியது. மூன்றும் நல்ல பொய்கள், இப்போதும் நினைவிருக்கிறது. ராகு காலத்தில் தறி மேல் வெயில் படக்கூடாது என்பது இவர்கள் வழக்கம் என்பது அதில் ஒன்று. அதைச் சொல்லியிருந்தால் பெரியவர் நம்பியிருப்பார். வாத்தியார் என் கார்டை ஊரில் உரக்கப் படித்த காட்சி கண் முன்னால் வந்தது. மரகதம் அக்கா சமையலறை வாசலில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் சொல்லப்போவது என்ன என்று எனக்குத் தெரியாது. நான் என்ன சொல்லப்போகிறேன் என்பதற்குத்தான் அவர் காத்திருந்தார்.

"மூடிடுப்பா முனுசாமி" என்றேன். "ரெண்டும் மூடியே இருக்கட்டும்."

கூடம் மறுபடி இருண்டது. இருட்டில் சொல்வது எளிதாக இருந்தது. தறிக்கு மேல் ஓடு வைத்தது தப்பு, துவாரம் போட்ட இடம் தப்பு, ஏகாம்பரம் காத்திருக்கச் சொன்னார், நான்தான் உங்கள் வருகைக்காக அவசரப்படுத்தினேன், சாக்குக் கட்டியதும் என் சம்மதத்தோடுதான் என்று வரிசையாகச் சொல்லி முடித்தேன். பெரியவர் என்னை விட்டுவிட்டு ஏகாம்பரத்திடம், உங்களுக்கு என்னதான் வேண்டும் என்று கேட்டார்.

"வெளிச்சம் வேணும் சார். வெயிலு வேணாம். ரெண்டும் ஒண்ணு இல்லீங்களே" என்றார் ஏகாம்பரம், குடையை மடக்கிக்கொண்டே.

அப்போதுதான் மரகதம் அக்கா முன்னால் வந்தார். "அந்தத் தம்பி வெச்சது தப்பு சார். மூடினது சரி. எழுதறதா இருந்தா ரெண்டையும் எழுதிக்குங்க."

பெரியவர் ஒன்றைத்தான் எழுதினார். மாதிரி வீடாகக் காட்டத் தகுதியில்லை என்று எழுதிவிட்டு, அதே ஓரமாக நடந்து போய்விட்டார். அந்த வருஷம் எனக்கு நிரந்தர உத்தரவு வரவில்லை. அடுத்த ஒரு வருஷம் ஊருக்குப் போகும்போதெல்லாம் கடைத்தெரு வழியாகப் போகாமல் ஏரிக்கரையைச் சுற்றியே வீட்டுக்குப் போனேன். முனுசாமி தன் பக்கம் தப்பே இல்லை என்று இன்றுவரை சாதிக்கிறான். ஜீப் வராமலே ஒரு ஆள் வருவார் என்று யாருக்குத் தெரியும் என்கிறான்.

சேலை முடிந்து தறியிலிருந்து அறுத்த அன்று ஏகாம்பரம் ஆள் அனுப்பினார். அடுத்த பாவு ஏற மூன்று நாள் இருக்கிறது, வந்து சேர் என்று. இந்த முறை படம் போடவில்லை. காலி தறியில் என்னை உட்காரச் சொன்னார். குழியில் காலை விட்டு உட்கார்ந்து பார்த்தேன். கண் எங்கே போகிறது, கை எங்கே போகிறது, எந்தப் பக்கம் நிழல் விழுகிறது என்பதெல்லாம் அங்கிருந்துதான் தெரிந்தது. நாலு கண்ணாடி ஓட்டையும் தறிக்கு மேலிருந்து எடுத்து, பக்கத்து நடைவழிக்கு மேலே வைத்தோம். நடையின் சுவருக்கு இரண்டு கை சுண்ணாம்பு அடித்தோம். வெயில் அந்தச் சுவரில் விழுந்தது. அங்கிருந்து வெளிச்சம் மட்டும் தறிக்கு வந்தது. காற்றுத் துவாரத்தைத் தறி மட்டத்தில் அடைத்துவிட்டு, கூரை முகட்டுக்குக் கீழே திறந்தோம். சூடு மேலே போயிற்று, தரை ஈரமாகவே இருந்தது. பகல் விளக்கு நின்றுபோனது. இதைப் பார்வையிட யாரும் வரவில்லை.

ஆனியில் கல்யாணம். என்னையும் அழைத்திருந்தார்கள். முகூர்த்தத்துக்கு முன் சேலையைத் தட்டில் வைத்து மாப்பிள்ளை வீட்டாரிடம் காட்டும்போது நானும் கூட்டத்தில் இருந்தேன். மாப்பிள்ளையின் பெரியப்பா, தெருவில் பேர் போன நெசவுக்காரர், சேலையைப் பிரித்துக் கண்ணை மூடிக்கொண்டு விரலை ஓட்டிக்கொண்டே போனார். முந்தானை, கரை, உடல். தலையை ஆட்டிக்கொண்டே அவர் ஓட்டிய விரல் உள் தலைப்புப் பக்கம் வந்ததும் நின்றது. ஒரு முழ நீளத்தை முன்னும் பின்னும் தடவினார். மணப்பெண் தலை குனிந்தாள்.

"இன்னாமா, இந்த ஒரு மொழத்துல மட்டும் இவ்ளோ முடிச்சு?"

மரகதம் அக்கா பதறவில்லை. கூட்டத்தில் ஒளிந்துகொண்டிருந்த என்னைச் சரியாகக் கண்டுபிடித்துக் கையை நீட்டினார்.

"அது எங்க வேலை இல்லீங்க. அதோ பச்சை சட்டை போட்டுக்கினு நிக்கறாரே, அவரு நெய்தது. அவரையே கேளுங்க."

இரண்டு வீட்டாரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் முன்னால் வந்து, கண்ணாடி ஓட்டிலிருந்து முனுசாமி கேட்ட கேள்விவரை முழுவதையும் சொன்னேன். குடையைச் சொன்னபோது மாப்பிள்ளையே சிரித்துவிட்டான். பெரியப்பா சிரிக்கவில்லை. அந்தக் காற்றில் இத்தனை இழையையும் எடுத்து முடிச்சுப் போட்டு, துணி சுருங்காமல் நெய்திருக்கிறார்களே என்று ஏகாம்பரத்தை ஒரு தடவை பார்த்தார். சேலையை மடித்து, அந்த ஒரு முழம் உள்ளே போகும்படி வைத்து, மணப்பெண்ணிடம் தானே கொடுத்தார். "கட்டிக்கம்மா. இது இடுப்புக்குள்ள போயிடும்" என்றார்.

பிறகு பந்தியில் என் பக்கத்து இலையில் வந்து உட்கார்ந்து, தன் வீட்டுக் கூடமும் இருட்டுதான் என்று சொன்னார். தறி காலியாகும்போது சொல்லி அனுப்புகிறேன், அதுவரை அந்தப் பக்கம் வராதே என்றார். அவர் பழைய பாவின் முனையிலேயே புதுப் பாவைப் பிணைத்துக்கொண்டு போகிறவர், தறியைக் காலியாகவே விடுவதில்லை. ஐந்து வருஷமாகிறது. இனி வேலை செய்ய வேண்டிய வீடுகளின் பட்டியலில் அவர் பெயர் பதினொன்றாவதாக இருக்கிறது. அவரிடமிருந்து ஆள் வந்ததும் போங்கள்.